பத்தாவது ஆள்

"ஒன்பது பேருக்கெல்லாம் படம் ஓட்ட மாட்டாங்கம்மா. பத்து ஆள் வேணும். இங்க அதுதான் சட்டம்."

டிக்கெட் கவுண்டருக்குள் இருந்தவர் தலை நிமிராமலேயே சொன்னார். நிமிர்ந்தாலும் பெரிதாக எதுவும் தெரியாது. அந்தச் சின்ன ஓட்டைக்குள் வந்து போவது கைகள் மட்டும்தான். இந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். கட்டைவிரல் ஓரத்தில் பழைய தீக்காயத் தழும்பு. இருபது நாளாகக் காலைக் காட்சிக்கு இதே கை, ஒரே ஒரு டிக்கெட்.

"ஒன்பதாவது நான்தானே? இன்னொண்ணும் நானே வாங்கிக்கிறேங்க."

"டிக்கெட் கணக்கு இல்லம்மா, தலைக் கணக்கு. உள்ள எண்ணிப் பார்த்துட்டுத்தான் மெஷினைப் போடுவாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கு வேற படம். போஸ்டரே மாத்தியாச்சு. இது வேற எங்கயும் ஓடலை."

கை போகவில்லை. ஓட்டையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றது.

"இன்னும் நேரம் இருக்கு, பார்க்கலாம். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, பின்னாடி இருக்கிறவங்க..."

பின்னாடி யாருமே இல்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

பக்கத்துக் கதவு வழியாக டார்ச்காரர் எட்டிப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். அதற்குள் தியேட்டரில் அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது.

"அண்ணே, அந்தம்மா படமே பார்க்கிறதில்ல, தெரியுமா? ஸ்பீக்கருக்குக் கீழ போய் உக்காந்து கண்ணை மூடிக்கிறாங்க. தூங்குறாங்களோன்னு டார்ச் அடிச்சேன். 'அணைங்க தம்பி, நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்'ங்கிறாங்க!"

"டிக்கெட் வாங்கியிருக்காங்கல்ல? கண்ணைத் திறந்தா என்ன, மூடினா உனக்கென்ன?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க மட்டும் என்ன? இடைவேளை முடிஞ்சதும் இந்த டொக்கு ஃபேனை எதுக்குப் போடுறீங்க? காத்து ஒரு சொட்டு வரலை, சத்தம் மட்டும் லாரி மாதிரி. இங்க நின்னா சுவத்தைத் தாண்டி வசனம் நல்லாக் கேக்கும். அதையும் கெடுத்துடுறீங்க."

அவர் டிக்கெட் கட்டை எடுத்துத் தட்டி நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

வெளியே அவள் குரல் கேட்டது. நிழலுக்காக ஒதுங்கியிருந்த யாரையோ மடக்கியிருந்தாள்.

"டிக்கெட் நான் எடுத்துத் தரேன். சும்மா உள்ள வந்து உக்காந்தாப் போதும்."

"என்ன விஷயம், அவ்வளவு மோசமான படமா?" என்று சிரித்துவிட்டு அந்த ஆள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

முதல் மணி அடித்தது.

"இப்ப எத்தனைண்ணே?"

"அதே ஒன்பதுதான்."

"நான் உக்காந்துடட்டுமா?"

"உனக்கு வேலை நேரம்ப்பா. வேலையில இருக்கிற தலை சேராது."

"அப்ப ஆபரேட்டரை வீட்டுக்குப் போகச் சொல்லிடறேன்."

தழும்புக் கை மறுபடி ஓட்டைக்குள் வந்தது. டிக்கெட்டைத் திருப்பி வைத்தது.

"இருக்கட்டும்ங்க. உங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

அந்தக் குரலில் வருத்தமில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைக்குள் போட்டார். கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்தார். பலகையை இழுத்து ஓட்டையை அடைத்துவிட்டு, அவள் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கவுண்டர் மூடியாச்சு. இனி நானும் வெளியாள்தான். இந்தா, என் டிக்கெட்டைக் கிழி."

"நீங்களாண்ணே? நான் வந்த நாளா ஒரு தடவைகூட இந்தப் படத்தை எட்டிப் பார்க்கலையே!"

"பத்துன்னு எண்ணிக்கோ. ஆபரேட்டரைப் போகச் சொல்லாதே."

உள்ளே, ஸ்பீக்கருக்குக் கீழே அவள் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணைந்தது.

படம் ஓடியது. இடைவேளை வந்து போனது. இன்று ஃபேன் போட யாரும் இல்லை. திரையில் ஒரு தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவரும் மூடிக்கொண்டார்.

"அம்மா, தபால்! அப்படியே குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

அவ்வளவுதான் வசனம். முகம் யாரோ ஒரு நடிகருடையது. குரல் மட்டும் வேறொருவனுடையது. டப்பிங் கூடத்தில் அதைப் பேசிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே இல்லாமல் போனவன்.

இருட்டில் அந்தத் தழும்புக் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது.

"கேட்டுச்சாங்க?" என்றாள் அவர் மனைவி. "நம்ம பையன்."