அளவு மாறக் கூடாது

“இன்னும் இறுக்கிக் கட்டுக்கா. கேமராவுல தெரிஞ்சா குட்டு உடைஞ்சிடும்.”

தொலைக்காட்சி விற்பனைச் சேனலின் ஒப்பனை அறையில் மாடல் பெண் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றாள். உடை மாட்டிவிடும் அக்கா, அவள் இடுப்பைச் சுற்றி நாடாவை இழுத்தாள்.

“மூச்சு முட்டப் போகுதுடி. டைரக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடேன்.”

“உடம்பு மாறினா வேற ஆளைப் பார்த்துக்குவேன்னு அன்னைக்கே சொல்லிட்டாரே. இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

பெரிய அளவு உடைகளுக்கான நேரலை தொடங்கியது. நீலநிற முழுக்கை கவுனில் அவள் சிரித்தபடி திரும்பித் திரும்பிக் காட்டினாள். ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள்.

“நானும் உங்களை மாதிரி குண்டுதாங்க. கடையில எனக்குத் துணியே எடுத்துக் காட்ட மாட்டாங்க. உங்களைப் பார்த்த பிறகுதான் கண்ணாடி முன்னாடி தைரியமா நிக்கறேன். நீங்க மட்டும் இளைச்சிடாதீங்க.”

“மாட்டேங்க,” என்றாள் அவள், சிரிப்பு மாறாமல்.

அறைக்குத் திரும்பியதும் அக்கா நாடாவை அவிழ்த்தாள். இடுப்பிலிருந்தும் தோளிலிருந்தும் தடித்த ஸ்பாஞ்சுத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மருந்தில் ஊதிய முகம் மட்டும் பழையபடி இருந்தது. அதற்குக் கீழே எலும்பும் தோலும்தான். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி மருந்து ஏற்றிய இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“நீ ஏன்க்கா அழறே? எங்க தெருவுல வந்து பாரு. ‘இப்பதான் அழகா இருக்கே, எப்படி இளைச்சே?’ன்னு வழிமறிச்சுக் கேக்கறாங்க.”