மாட்டு வாயில் கை

"என்னங்க, இன்னைக்கும் கொட்டகைப் பூட்டு திறந்து கிடக்கு."

"நீ பூட்ட மறந்திருப்பே," என்றார் கணவர், போர்வையை விலக்காமலே.

அவள் மறக்கிற ரகம் இல்லை. ராத்திரி அவள்தான் பூட்டினாள். சாவி அவர் தலையணைக்கு அடியில். பூட்டை உடைத்த அடையாளமும் இல்லை.

திருடன் என்று வந்தால் எதையாவது எடுக்க வேண்டாமா? பால் குறையவில்லை, வைக்கோல் குறையவில்லை. பசு மட்டும் வாயோரம் பச்சைச் சாறு வழிய, எதையோ பறிகொடுத்த மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மறுநாள் விடியும்போது வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கி நின்றாள்.

வந்தது பக்கத்து வீட்டுக் கொழுந்தன்.

வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு வெகுநாள் ஆகிறது. "இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட அவன் வீட்டுக்குப் போகக் கூடாது" என்று தெருவே கேட்கச் சபதம் போட்டவர் அவள் கணவர்.

கொழுந்தன் வாளியை வைத்துவிட்டு, பசு அசை போடும்வரை காத்திருந்தான். சட்டென்று அதன் வாய்க்குள் கையை விட்டான். மென்றுகொண்டிருந்ததை வழித்து வாளியில் போட்டான்.

அவள் மறைவிலிருந்து வெளியே வந்தாள். பகை இருக்கட்டும், அதற்காக வாயில்லா ஜீவன் வாயில் இருப்பதையா பிடுங்குவது?

"என்ன தம்பி இது?"

அவன் வெலவெலத்துப் போனான். "அண்ணி... எங்க மாடு படுத்துடுச்சு. தின்னறதும் இல்லை, அசை போடறதும் இல்லை. அதோட வயித்துக் கிருமியெல்லாம் செத்துப்போச்சுன்னு மாட்டு டாக்டர் சொல்றார்."

"கிருமி செத்தா நல்லதுதானே?"

"அதான் எனக்கும் புரியலை. புல்லைச் செரிக்க வைக்கறதே அந்தக் கிருமிதானாம். நல்ல மாடு அசை போடறதை எடுத்துத் தண்ணியில கரைச்சு சீக்கு மாட்டுக்கு ஊத்தினா, கிருமி திரும்ப வந்துடுமாம். இருக்கறது அந்த ஒரு மாடு அண்ணி. அது போச்சுன்னா எங்க பிழைப்பே போச்சு."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. "கேட்டு வாங்கிட்டுப் போகக் கூடாதா?"

"அண்ணன்கிட்டயா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, பூட்டை எப்படித் திறந்தே?"

"நான் எங்கே திறந்தேன்? தினமும் திறந்துதானே கிடந்துச்சு. நீங்கதான் எனக்காகத் திறந்து வைக்கறீங்கன்னு நினைச்சேன்."

அவளுக்கு மறுபடியும் குழப்பம். "சரி சரி, அவர் எழுந்துக்கறதுக்குள்ள கிளம்பு," என்று அவனை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

கணவர் எழுந்து, தானே காபி போட்டு ஆற்றிக்கொண்டிருந்தார். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரியாமல் அவள் வாசற்படியிலேயே தயங்கினாள்.

அவரே மெதுவாகக் கேட்டார். "அவன் மாடு எழுந்து நின்னுடுச்சாமா?"

"அப்போ பூட்டு... ஒரு துரும்புகூடப் போகக் கூடாதுன்னீங்களே?"

"இப்பவும் போகலையே," என்றார் அவர், தம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மாடு மென்னுக்கிட்டு இருக்கறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை."