ஊறவைத்த திராட்சை

நாய் மறுபடியும் வாந்தி எடுத்தது. துடைக்கப்போன மருமகளை டாக்டர் தடுத்தார்.

கையுறை போட்ட விரலால் நுரையைக் கிளறினார். கறுப்பாக, உப்பிப்போய் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. விளக்குக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"காய்ஞ்ச திராட்சை. யார் கொடுத்தது?"

மருமகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் திராட்சை இருப்பது உண்மைதான். ஆனால் டப்பா மேல் அலமாரியில் இருந்தது. குண்டன் என்ன குதி குதித்தாலும் அதன் மூக்குக்கூட அங்கே எட்டாது.

அது மாமனாருக்காக வாங்கியது.

மனிதருக்கு ரத்தம் குறைந்துபோயிருந்தது. எழுந்து நின்றாலே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை கொடுத்தால் வயிறு எரிகிறது என்று தள்ளிவிடுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் போயும் போயும் திராட்சையை நம்புகிறாளே என்று கடை முதலாளிகூடக் கேலி செய்தார். அவள் சட்டை செய்யவில்லை. படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, மண் போகக் கழுவி, ஊறவைப்பாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் உட்கார்ந்து கொட்டையை நீக்கி, கிண்ணத்தை அவர் கட்டிலருகே வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். நக்கி எடுத்ததுபோல ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமிருக்காது.

அந்தக் காலிக் கிண்ணத்தைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிறைவு. வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொல்கிற ஆள் இல்லை அவர். மகன் போன பிறகு பேச்சே குறைந்துவிட்டது. மகன் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் வேளாவேளைக்கு மருந்து புகட்டியது அவள்தான். அவன் போன பிறகும் அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. இந்த மனிதரைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை.

அவர் மனம்விட்டுப் பேசுவதெல்லாம் வெளியூரில் இருக்கும் மகளோடுதான், போனில். மருமகள் அறைக்குள் நுழைந்தால் மட்டும் சட்டென்று வெயிலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அங்கேயும் இதே வெயிலா, இங்கே தாங்க முடியவில்லை என்று. அவளுக்குச் சிரிப்பு வரும்.

இன்று காலை குண்டன் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாயோரம் நுரை. அவள் லீவு சொல்லிவிட்டு வண்டி பிடித்தாள்.

"நானும் வரேன்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார் மாமனார்.

அவர் வாசல் தாண்டியே வெகுநாளாகிறது. நாயோடும் "தூரப் போ" என்பதற்கு மேல் உறவு வைத்துக்கொண்டதில்லை. வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சுக்குமா? பொழைச்சுக்கும்ல?" என்று புலம்பிக்கொண்டே வந்தார். கண் கலங்கியிருந்தது.

இந்த மனிதருக்குள் இவ்வளவு ஈரமா என்று நினைத்தாள். ஒரு கையால் நாயையும் மறு கையால் அவர் கையையும் பிடித்துக்கொண்டாள். அவர் கை சில்லிட்டிருந்தது.

டாக்டர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நான்தான் வச்சேன்," என்றார் மாமனார், சுவரோர நாற்காலியிலிருந்து. "தினமும்."

ஏன் என்று மருமகள் கேட்கவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லைபோல, சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பார். அவர் சார்பில் அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நாய்க்குத் திராட்சை விஷம் சார்," என்றார் டாக்டர். "கிட்னியைப் பிடிச்சிடும். சிலதுக்கு அன்னைக்கே தெரிஞ்சிடும், சிலதுக்கு மெதுவாத்தான் தெரியும். நல்லவேளை கொண்டுவந்துட்டீங்க, காப்பாத்திடலாம்."

மாமனார் எழுந்து வந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மனுஷங்களுக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "மனுஷங்களுக்கு என்ன? தாராளமா சாப்பிடலாம். உடம்புக்கு நல்லதுதானே!"

"அப்ப அது திராட்சையாலதானா? வேற எதுவும் கலந்து..."

"வேற என்ன சார் கலந்திருக்கப்போகுது?" டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துவர உள்ளே போனார்.

மாமனார் பெருமூச்சு விட்டார். வயிற்றில் இருந்த கை தானாக இறங்கியது. முகம் தெளிந்தது. குண்டன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவருக்கும் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, அவளைச் சமாதானப்படுத்துகிறவர் மாதிரி சொன்னார்:

"இத்தனை நாளும் அதுக்கு ஒண்ணும் ஆகலம்மா. அதைப் பாத்துட்டுத்தான் நேத்து நானும் கொஞ்சம் சாப்பிட்டேன்."

அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை எடுத்தால் வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.