மிச்சக் கோடு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையல்கடைக்கு, தன் சீருடையை வாங்கிப்போக, என்னோடு படித்த ஜெசிந்தா வந்தாள். கையில் சுருட்டிய சார்ட் அட்டை. என்னவென்று கேட்டதும் விரித்தாள். அடியில் நீளமாக ஒரு கோடு, அதில் சென்டிமீட்டர் எண்கள், எண்களின்மேல் அடுக்கடுக்காகப் பெருக்கல் குறிகள். "நம்ம வகுப்புப் பிள்ளைங்க உயரம்டி. ஒரு குறின்னா ஒரு ஆளு. ஒரே உயரம்னா ஒண்ணு மேல ஒண்ணு." நெரிசலாக இருந்த இடத்தை விரலால் தடவினேன். பெயரில்லாமல் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "இதுல நீ எங்க?" 149இன்மேல் தனியாக இருந்த குறியைக் காட்டினாள். "என்னையும் அளந்து பாரேன்" என்றேன். கடையில் இடுப்பையும் தோளையும்தான் அளப்போம். முழு உயரம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. சுவரில் குதிகால் ஒட்டி நின்றேன். டேப்பை சென்டிமீட்டர் பக்கமாகத் திருப்பி அளந்தவள் சிரித்தாள். "அடிப்பாவி, நீயும் 149. என் தலைமேலயே ஏறி உக்காருவ போல." "உக்காரட்டுமா?" அவள் சிரிப்பு நின்றது. "டீச்சர் குறியெல்லாம் எண்ணுவாங்கடி, செண்பகம்." நான் சுவரைவிட்டு நகரவில்லை. அவள் பென்சிலை எடுத்து, தன் குறிக்கு மேலே சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். குறுக்குக் கோட்டைப் போடாமல் நிறுத்தினாள். "மிச்சத்த நீ வகுப்புக்கு வந்து போட்டுக்க." அட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். தையல் மாஸ்டர் பட்டன் டப்பாவைத் தட்டிக் கூப்பிட்டார். நான் இன்னும் சுவரோரம் நேராகவே நின்றுகொண்டிருந்தேன்.