வைத்த பழுது

அன்று என் தம்பி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னானா என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

மெக்கானிக் வேலை கேட்டு வருபவர்களை, தன் காரிலேயே பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார் என் கணவர்.

"சான்றிதழ்தான் இருக்கே மாமா, டெஸ்ட் எதுக்கு?" என்றான் அவர் பட்டறையில் பங்குதாரனான என் தம்பி. "நீங்க கார்ல ஊருக்குக் கிளம்புங்க. அக்காவுக்கு ஏசி ஒத்துக்காது, அவ பஸ்ல வரட்டும்."

"அஞ்சு நிமிஷம்டா மாப்ள."

வேலை கேட்டு வந்த பெண் காருக்கு அடியிலிருந்து எழுந்தாள். "பிளக் வயர் கழண்டிருக்கு சார். ஹாரன் ஃபியூஸ் போயிருக்கு. பிரேக் ஆயில் டியூபைப் பாதி அறுத்து வெச்சிருக்கீங்க."

என் கணவர் குனிந்து அந்த டியூபைப் பார்த்தார்.

"முதல் ரெண்டுதாம்மா நான் வெச்சது."

அவளுக்கு வேலை கிடைத்தது. தம்பி சிறையில் இருக்கிறான். நாங்கள் இருவரும் இப்போது பஸ்ஸில்தான் போகிறோம்.