குழியின் வாய்

நாகஜோதி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

நாகல்நகர்த் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகப் புதிதாகக் கட்டிய குழி. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. உள்ளே சிமெண்ட் வாசனை மட்டும்.

வரைபடத்தில் இடுப்பளவு ஆழம்தான் போட்டிருந்தார்கள். தெருவின் சரிவுக்கு அது போதாது என்று, ஆள் உயரத்துக்கும் மேலே தோண்ட வைத்தவள் இன்ஜினியர் நாகஜோதி. ஆழம் கூடியது. மூடியிருந்த கான்கிரீட் தளத்தில் ஆள் இறங்க விட்ட வாய் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது.

அதைப் பெரிதாக்கச் சொல்லி, காலையிலிருந்து ஒப்பந்தக்காரர் ரொனால்டுடன் வாக்குவாதம்.

“தூர் வார்றவன் இறங்கி ஏறிரலாம் மேடம், அம்புட்டுப் போதாதா? போட்ட கான்கிரீட்ட உடைக்கச் சொல்றீகளே!”

அவள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். ஒல்லி உடம்பு. தோள்கூட உரசவில்லை.

ரொனால்டு, பக்கத்தில் நின்ற கொத்தனார் சின்னக்கண்ணுவைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே டேப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“மேடம்?”

குனிந்து பார்த்தார். நாகஜோதி சுவரோரம் தலை தொங்கச் சரிந்து கிடந்தாள்.

ரொனால்டு எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புப் படிகளில் ஏறினார்.

வாய்க்குள் அவர் தலை நுழைந்தது. தோளில் கிடந்த அவள் உடம்பு கூடவே நுழையவில்லை. அவளை முன்னால் தள்ளினால் அவரால் படியில் நிற்க முடியவில்லை. மேலேயிருந்து சின்னக்கண்ணு கையை நீட்டி இழுத்தார். இரண்டு உடம்பும் சேர்ந்து அடைத்ததில் உள்ளே இருட்டிவிட்டது.

“ஏசுவே... கயித்தக் கொண்டாங்கண்ணே! யாரையாச்சும் கூப்பிடுங்க!”

மறுபடி கீழே இறங்கி, அவளை மெல்லத் தரையில் சாய்த்தார்.

நாகஜோதி கண்ணைத் திறந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல ரொனால்டு. மயக்கம் போட்ட ஆள இதுக்குள்ளருந்து தூக்க முடியுமான்னுதான் பாத்தேன். உங்களப் பயமுறுத்திட்டேன், மன்னிச்சிருங்க.”

அவள் தலைமுடியெல்லாம் சிமெண்ட் தூசி. அவளையே பார்த்துக்கொண்டிருந்த ரொனால்டு, பிறகு நிமிர்ந்து, தலைக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே, கயிறு வேணாம். நாங்க ஏறி வந்ததும் கான்கிரீட்டுல கடப்பாரையப் போடுங்க!”