பியானோ தனியாக வாசிக்கும் இடம்

நடுவர்கள் முன்னால் ஊதிக்கொண்டிருந்த பித்தளை ஹார்னுக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. அவளுக்கு உதட்டிலேயே தெரிந்தது.

பரவாயில்லை. அடுத்து பியானோ தனியாக வாசிக்கும் இடம்.

இந்தப் பாட்டை எழுதிய பிரெஞ்சுக்காரர் விவரமானவர். ஊத ஊத மூச்சு உள்ளே தண்ணீராகும், அதைக் கொட்ட நேரம் வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

அந்தக் காலத்து ஹார்ன் வெறும் சுருட்டிய குழாய். வராத சுரத்தை, அதன் அகன்ற வாய்க்குள் கையைச் செருகி வரவழைக்க வேண்டும். பிறகு விரலால் அழுத்தும் வால்வு வந்தது. எல்லாச் சுரமும் வந்தது. கூடவே, தண்ணீர் ஒளிந்துகொள்ள ஏகப்பட்ட வளைவுகளும் வந்தன.

அவள் ஹார்னைச் சாய்த்து ஒரு குழாயை உருவினாள்.

பியானோ தலைதெறிக்க ஓடியது.

அந்துவான் இந்த இடத்தை அப்படி வாசித்ததே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் எவ்வளவு பொறுமை! கட்டின புருஷனே பியானோ வாசிக்கும்போது என்ன பயம் என்று, அவள் வேறு யாரையும் கேட்கவில்லை.

கொட்டும் முன்பே அவள் ஊத வேண்டிய இடம் வந்துவிட்டது. குழாயைத் திருப்பிச் செருகினாள். தண்ணீர் உள்ளேயே இருந்தது.

மெல்லிய, உயரமான சுரம். கொளகொளவென்று வந்தது.

நடுவர் ஒருவர் குனிந்து சிரிப்பை அடக்கினார்.

பாரிசில் ஒரு வருடப் படிப்பு. ஒரே ஓர் இடம். அது அங்கேயே போயிற்று.

பியானோவை மட்டும் பாராட்டினார்கள். அடுத்து ஊத வந்த கோவாக்காரருக்குப் பியானோ வாசிக்க ஆள் இல்லை. அவருக்கும் வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். அந்துவான் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவருக்காக அவளே சாக்குத் தேடினாள். பாவம், பதறியிருப்பார். ஃபேன் காற்றில் தாள் பறந்திருக்கும்.

கதவுக்குப் பின்னால் அதே பாட்டு. அதே இடம்.

பியானோ நிதானமாக நடந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து உட்காரலாம், அவ்வளவு நிதானம்.

அவள் சாக்குத் தேடுவதை நிறுத்தினாள்.

பாரிசுக்குப் போயிட்டு வா, நான் இருக்கேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்.

அவர் வெளியே வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் பெட்டியைத் திறந்தாள். ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குழாயை உருவிக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள்.

நேரமாகிறது என்றார் அவர்.

அவள் அடுத்த குழாயை உருவினாள்.